கல்யாண வீட்டில் ஒரு சந்தோஷப் பாட்டு

மைக் செட் தொழிலில் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயைக் கட்டுறதுக்கு முந்தி, அந்த வீட்ல யார் யாரு செத்திருக்காங்கன்னு விசாரிச்சுக்கடா." கல்யாண வீட்டுக்குப் போய் எழவு விசாரித்தால் செருப்பால் அடிக்க மாட்டார்களா என்று கேட்டால் பதில் வராது. பீடியைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார். அவர் போய்ப் பல வருஷம் கழித்து, 2016 ஆவணியில்தான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கம், ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரைக்கும் இருக்கிற கடலோர ஊர்களில், மைக் செட்டுக்கு இன்னமும் ரேடியோ என்றுதான் பேர். ரேடியோ கட்டியாச்சா, ரேடியோக்காரன் சாப்பிட்டானா என்றுதான் கேட்பார்கள். அன்றைக்கு நான் ரேடியோ கட்டியிருந்தது பெண் வீட்டில். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். பந்தலுக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பென் டிரைவில் முந்நூறு பாட்டை ஏற்றிக் கலந்துகட்டி ஓடவிட்டிருந்தேன். சாமி பாட்டெல்லாம் முடிந்து, எண்பதுகளில் வந்த ஒரு டூயட் வந்தது. பேரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும், வேண்டாம், அப்புறம் அதைக் கேட்கும்போதெல்லாம் உங்களுக்கும் இந்தக் கதை ஞாபகம் வரும். அழுவதற்கு அதில் ஒரு சொல் கிடையாது, ஆட்டம் போடவைக்கிற பாட்டு. பந்தலில் பொடிசுகள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

பின்னால் திடீரென்று பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தேன். பெண்ணின் பெரியம்மா அரிவாள்மனையைக் காலால் ஒதுக்கிவிட்டு, பாதி நறுக்கின கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டியதும் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். நிறுத்தியதுதான் இன்னும் தப்பாகப் போயிற்று, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து அவருக்குக் குரல் வந்துவிட்டது, பந்தல் முழுக்க அது மட்டும்தான் கேட்டது.

அவர் மகன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தானாம். அந்த டூயட்தான் அதில் ரிங்டோன். கூடப் போன படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட, இவன் மட்டும் வரவில்லை என்று தெரிந்ததும் கூட்டாளிகளும் சொந்தக்காரர்களும் "வந்துட்டானா" என்று கேட்க விடிய விடிய அந்த நம்பருக்கே அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டின் முதல் இருபது நொடி. அந்த வயலின் துள்ளல். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். யாரும் என்னைத் திட்டவில்லை, "சாப்பிட்டுட்டுப் போ தம்பி" என்றுதான் சொன்னார்கள். திட்டியிருந்தால் தேவலை.

ஒரே பாட்டு. இருபது அடி தூரத்தில் பிள்ளைகள் ஆடுகின்றன, இங்கே ஒரு அம்மா உடைந்து உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் உணர்ச்சி என்பது பாட்டில் இருக்கிறதா, கேட்கிற ஆளிடம் இருக்கிறதா, ரெண்டுக்கும் நடுவில் காற்றில் தொங்குகிறதா? இதைப் பற்றித்தான் அன்றிலிருந்து கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது சட்டம், ஆகவே ரேடியோக்காரனுக்குப் படிக்க நேரம் நிறைய உண்டு, பந்தலில் பாயை விரித்து ஆம்ப்ளிபயருக்குக் காவல் படுத்திருக்கும்போது வேறென்ன செய்வது.

ஸ்வீடன்காரர்கள் இரண்டு பேர், பாட்ரிக் யுஸ்லினும் டேனியல் வெஸ்ட்ஃபியேலும், இசை நம்மை அசைக்கிற வழிகள் ஆறு என்று 2008இல் எழுதியிருக்கிறார்கள். ஆறையும் வரிசையாகச் சொன்னால் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஆகிவிடும். நான் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகிறதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரிய பேஸ் பாக்ஸுக்கு முன்னால் நின்றால் நெஞ்சுக்கூடு அதிருகிறது, திடீரென்று கொட்டு விழுந்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. இது மூளைத்தண்டின் வேலை. என்ன பாட்டு, யார் பாடியது என்று மேல்மூளை கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, ஏதோ பெரிசாக வருகிறது என்று கீழே மணி அடித்துவிடுகிறது. கல்யாணத்துக்கு வருகிற இளவட்டங்கள் "அண்ணே, பேஸ் ஏத்துங்கண்ணே" என்று நச்சரிப்பது இதுக்குத்தான். இதில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. வெடி வெடித்தாலும் இதேதான் நடக்கும்.

மூச்சு விஷயம் அதைவிட நுட்பமானது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 2006இல் 24 பேருக்கு விதவிதமான இசையைப் போட்டுக் காட்டி அளந்திருக்கிறார்கள், அதில் நம்ம ஊர் சிதாரும் உண்டு. பாட்டு வேகமெடுத்தால் மூச்சும் நாடித்துடிப்பும் கூடவே ஏறின. யாருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பதை அது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, வேகத்தைத்தான் பின்தொடர்ந்தது. எனக்குப் பிடித்தது அந்த ஆய்வில் இன்னொன்று. இசைக்கு நடுவில் சும்மா இரண்டு நிமிஷம் மௌனம் விட்டிருக்கிறார்கள், அந்த இரண்டு நிமிஷத்தில்தான் உடம்பு எல்லாவற்றையும்விட அதிகமாகத் தளர்ந்திருக்கிறது, பாட்டே போடாமல் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தைவிடவும். இதை என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். திருவிழாவில் நாள் முழுக்கக் குழாய் அலறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும், ஜெனரேட்டரை ஓடிப்போய் நான் போடுவதற்குள் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் ஊரே அப்படியே நிற்கும். அத்தனை நேரமும் அங்கேயே இருந்த கடல் சத்தம் அப்போதுதான் வந்து இறங்கின மாதிரி இருக்கும். ஒரு கிழவர் ஒருதடவை சொன்னார், "உன் பாட்டுலயே இதுதாம்ப்பா நல்லாருக்கு."

சரி, சோகத்துக்கு வருவோம்.

என் அப்பத்தா ஒப்பாரியில் பேர் போனவள். கூலிக்கு அல்ல, ஊரில் யார் செத்தாலும் முதலில் போய் உட்காருகிறவள் அவள்தான். சின்ன வயதில் அவளோடு எழவு வீட்டுக்குப் போனதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டுக்கொண்டு அழுவார்கள், புதிதாக வருகிறவள் அந்த வட்டத்துக்குள் நுழைந்து அவளும் ஒரு வரி எடுப்பாள். அந்த வரி பெரும்பாலும் செத்துக் கிடக்கிறவரைப் பற்றி இருக்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் போன தன் அண்ணனைப் பற்றி இருக்கும், பிறந்து மூன்று நாளில் போன பிள்ளையைப் பற்றி இருக்கும். அப்பத்தா கடைசிவரை அழுதது ஒரே ஒரு ஆளுக்குத்தான். யார் வீட்டு எழவானாலும் அவள் அழுதது 1964 புயலில் தனுஷ்கோடியில் போன அவள் தங்கச்சிக்கு.

ஒப்பாரியை ஒரு ராகமாக எடுத்துப் பார்த்தால் அதில் பெரிய தாவல் எதுவும் இருக்காது. பக்கத்துப் பக்கத்துச் சுரத்தில் தவழ்ந்துகொண்டே போகும், வரியின் கடைசியில் இறங்கும், அவ்வளவுதான். இதைப் பற்றி ஒரு ஆய்வு கிடைத்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது, ஏனென்றால் அதில் சோதித்திருப்பது நம்மைத்தான். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டேனியல் பௌலிங், டேல் பர்வ்ஸ் முதலானவர்கள் 2012இல் வெளியிட்டது. ஒரு பக்கம் கர்நாடக ராகங்களையும் மேற்கத்திய இசையையும் வைத்துக்கொண்டார்கள், இன்னொரு பக்கம் தமிழ் பேசுகிறவர்களின் குரலையும் ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்களின் குரலையும் வைத்துக்கொண்டார்கள். சந்தோஷமான இசையில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடைவெளி பெரிதாக இருக்கிறது, துக்கமான இசையில் சின்னதாக இருக்கிறது. இரண்டு ஊர் இசையிலும் இப்படித்தான். அப்புறம் பேச்சை அளந்தால் அங்கேயும் அதே கதை: குதூகலமாகப் பேசும்போது தமிழனின் குரல் எட்டி எட்டித் தாவுகிறது, துக்கத்தில் அடங்கி ஒரே மட்டத்தில் நகர்கிறது, அமெரிக்கனின் குரலும் அப்படியே.

யோசித்துப் பாருங்கள். படகு கரை தட்டும்போது மீன் நிறைய என்றால் கடலுக்குள்ளிருந்தே கத்துவார்களே, அந்தக் கத்தலில் குரல் எவ்வளவு உயரத்துக்குப் போய் எவ்வளவு கீழே விழும். ஒன்றுமில்லை என்றால் "ம்ம், ஒன்னுமில்ல" என்பது பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. பாட்டு இந்த இரண்டையும்தான் எடுத்து நீட்டிக்காட்டுகிறது. ஒரு பாட்டு துக்கமாகக் கேட்கிறது என்றால், துக்கத்தில் இருக்கும் ஒரு மனுஷக் குரலை நம் காது அதில் அடையாளம் கண்டுகொள்கிறது. வாத்தியத்தில் வாசித்தாலும் அதற்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்று மூளை நினைத்துக்கொள்கிறது. 2009இல் தாமஸ் ஃபிரிட்ஸ் என்பவர் கேமரூன் நாட்டு மலைகளில் இருக்கும் மாஃபா மக்களிடம் போய், அதுவரைக்கும் அவர்கள் கேட்டே இராத மேற்கத்திய இசையைப் போட்டுக்காட்டினார். இது சந்தோஷம், இது துக்கம், இது பயம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட அதிகமான அளவில் அவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இதற்காக ராகத்துக்கு ஒரு உணர்ச்சி என்று முத்திரை குத்திவிட முடியாது. முகாரி என்றால் அழுகை என்று நாம் பழமொழி மாதிரி சொல்லுகிறோம், "ஆரம்பிச்சுட்டான்டா முகாரிய" என்று. ஆனால் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பூரித்துப் பாடியிருப்பதும் அதே முகாரியில்தான். சங்க காலத்து ஆட்கள் இன்னும் தெளிவாக இருந்திருக்கிறார்கள். திணைக்கு ஒரு பண், நிலத்துக்கு ஒரு யாழ் என்று பிரித்து வைத்தவர்கள் எங்கள் நிலமான நெய்தலுக்குக் கொடுத்த உணர்ச்சி இரங்கல். கடலோரத்தில் உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருப்பதும் புலம்புவதும். சாவு வீட்டில் கொட்டுகிற பறைக்கே நெய்தல் என்று பேர். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் அந்த நெய்தல் பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு ஒலிக்கிறது, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் திட்டுகிறார். எனக்கு அந்தப் பாட்டைப் படிக்கும்போது தொழில் கவலைதான் வருகிறது. ஒரே நாளில் ரெண்டு வீட்டுக்கும் ஆர்டர் வாங்கி, ரெண்டு பென் டிரைவும் மாறிப்போகாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

புல்லரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கனடாவில் மாண்ட்ரியலில் இருக்கும் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோர் முதலானவர்கள் 2011இல் ஒரு வேலை செய்தார்கள். உனக்குப் புல்லரிக்க வைக்கிற பாட்டை நீயே கொண்டு வா என்று சொல்லி, அதைப் போட்டு, மூளையைப் படம் எடுத்தார்கள். டோபமின் என்கிற ரசாயனம் சுரக்கிறது, நல்ல சாப்பாட்டுக்கும் போதைக்கும் சுரக்கிற அதே சாமான். விசேஷம் என்னவென்றால் அது இரண்டு இடத்தில், இரண்டு நேரத்தில் சுரக்கிறது. அந்த உச்சமான இடம் வரும்போது ஓரிடத்தில். அதற்குச் சில நொடிகள் முன்னாடியே, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும்போது வேறோரிடத்தில். லியோனார்ட் மேயர் என்ற அமெரிக்கர் 1956லேயே, இசையின் உணர்ச்சி எல்லாம் எதிர்பார்ப்பை வளர்ப்பதிலும் தள்ளிப்போடுவதிலும் ஏமாற்றுவதிலும் இருக்கிறது என்று எழுதிவிட்டார், இவர்கள் அதற்கு ரத்தமும் சதையும் கொடுத்தார்கள்.

முளைப்பாரித் திருவிழாவில் இதைப் பார்க்கலாம். பெண்கள் கும்மி சுற்றிச் சுற்றி வருவார்கள், கொட்டுக்காரர் ஒரு இடத்தில் கையை நிறுத்துவார், அரை நொடி, அதற்குள் எல்லாக் கையும் மேலே போய்விட்டிருக்கும், அடுத்த அடி விழும்போது நாற்பது கை ஒரே கை. சாமி வருவதும் பெரும்பாலும் அந்த அரை நொடி இடுக்கில்தான். இதையே நான் ரெக்கார்ட் பண்ணி அடுத்த வருஷம் பாக்ஸில் போட்டுப் பார்த்தேன், காசு மிச்சம் என்று ஊர்ப் பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள். ஒரு அம்மாவுக்கும் சாமி வரவில்லை. கொட்டுக்காரர் ஆடுகிறவளின் காலைப் பார்த்து அடிக்கிறவர். அவள் மூச்சு முட்டினால் இழுத்துப் பிடிப்பார், கண் செருகினால் தட்டிவிடுவார். என் பென் டிரைவுக்குக் கண் ஏது. மறு வருஷம் கொட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், எனக்கு வாடகை குறைந்தது, ஞாயம்தான்.

கரைவலைக்கு வருகிறேன், எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் படுவது அது. என் அய்யா, அதாவது தாத்தா, கரைவலை இழுத்தவர். தெரியாதவர்களுக்கு: வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுக்க வேண்டும், நடுவில் மீன் வந்து சேருகிற பைக்கு மடி என்று பேர். மணிக்கணக்கில் இழுக்கணும். கயிற்றை இடுப்பில் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னாடியே நடக்கணும். பாட்டு இல்லாமல் இதைச் செய்யவே முடியாது, அம்பா என்று சொல்லுவோம். ஒருவர் வரி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள், இழுப்பு அந்த ஏலேலோவில் விழும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கிண்டல் பண்ணி வரி வரும், கேட்கக் கூடாத வரியெல்லாம் வரும், சம்மாட்டியும் சேர்ந்து சிரிப்பார், ஏனென்றால் சிரித்தால் கயிறு வரும். நான் ஏழெட்டு வயதில் வாலைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறேன். என் பலம் எதுக்கும் ஆகாது என்று எனக்கே தெரியும், ஆனால் ஏலேலோ போடும்போது கடலையே நான்தான் இழுத்துக்கொண்டுவருகிற மாதிரி இருக்கும். கை உரிந்தது வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போதுதான் தெரியும்.

இதற்கும் ஒரு ஆய்வு உண்டு. ஆக்ஸ்போர்டில் படகு வலிக்கிற மாணவர்களை 2010இல் சோதித்தார்கள், ராபின் டன்பார் அதில் ஒருவர். அதே உழைப்பைத் தனித்தனியாகச் செய்த நாளைவிட, தாளம் ஒத்துச் சேர்ந்து செய்த நாளில் அவர்களுக்கு வலி தாங்கும் சக்தி அதிகமாக இருந்தது. உடம்பு தானே காய்ச்சிக்கொள்கிற வலி மருந்தான எண்டார்பின், சேர்ந்து அசையும்போது கூடுதலாகச் சுரக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். அய்யாவுக்கு இது புதிதாக இருந்திருக்காது, விளக்கம் மட்டும்தான் புதிது. கும்மி, கோயில் பஜனை, மாதா கோயில் சப்பரத்துக்கு முன்னால் பாடிக்கொண்டு போவது, ஏர்வாடி சந்தனக்கூட்டில் கொட்டுக்குப் பின்னால் நடக்கிற கூட்டம், எல்லாவற்றுக்கும் நான் ரேடியோ கட்டியிருக்கிறேன், நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே மூச்சு விட்டால் முகம் எப்படி மாறும் என்பது மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். சாமி தான் மாறுகிறது, முகம் மாறுவது ஒரே மாதிரிதான். அதனால்தானோ என்னவோ, எங்கள் ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் குரலுக்கு மதம் பார்க்காமல் எல்லாரும் நின்று கேட்பார்கள்.

இப்போது அந்தப் பெரியம்மா. மேலே சொன்ன எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை, கவனித்தீர்களா? தாவித் தாவிப் போகிற சுரம், வேகமான தாளம், ஆடவைக்கிற கொட்டு, எல்லாமே சந்தோஷத்தின் பக்கம் நின்றும் ஒன்றும் பலிக்கவில்லை. ஏனென்றால் இன்னொரு வழி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. ஒரு சத்தமும் ஒரு சம்பவமும் சேர்ந்தே வந்தால் மூளை ரெண்டையும் ஒன்றாக முடிந்துவிடுகிறது, அப்புறம் ஒன்றை இழுத்தால் மற்றது வந்தே தீரும். பாட்டு கரைவலைக் கயிறு மாதிரிதான். இழுத்தால் மடியில் என்ன கிடக்கிறதோ அதுதான் கரையேறும். பொடிசுகள் மடியில் இன்னும் ஒன்றுமில்லை, ஆடினார்கள்.

அந்த மடி ரொம்ப நிறைவது பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் என்று சொல்கிறார்கள், மற்ற வயதைவிட அந்த வயது ஞாபகங்கள்தான் கிழவயது வரைக்கும் அதிகமாக நிற்கின்றன. என் அம்மாவுக்கு அது இலங்கை வானொலிக் காலம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர், எங்களுக்கு மதுரையைவிடக் கொழும்புதான் காதுக்குப் பக்கம். ஆனால் அலை ஏறி இறங்குகிற மாதிரி அந்தச் சத்தமும் ஏறி இறங்கும், பாட்டின் நடுவில் கர்ர் என்று இரைச்சல் வந்து போகும். அதே பாட்டுகளை அம்மாவுக்காகத் தேடிப்பிடித்து, துல்லியமான பதிவாக, நல்ல பாக்ஸில் போட்டுக்கொடுத்தேன். கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. ஆனா அந்தப் பாட்டு மாதிரி இல்லையேடா" என்றாள். இரைச்சலும் பாட்டில் ஒரு பாகம் என்று எனக்கு எப்படித் தெரியும்.

துக்கப் பாட்டை ஏன் காசு கொடுத்துக் கேட்கிறோம் என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2014இல் வந்த ஓர் ஆய்வில் 772 பேரிடம் சோகப் பாட்டுக் கேட்டால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அதிகம் பேர் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைப்பில் வருகிற ஏக்கத்தை. அப்பத்தா எழவு வீட்டிலிருந்து திரும்பி வரும்போது முகம் கழுவின மாதிரி வருவாள். கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டு, "இன்னைக்கு நல்லா அழுதேன்" என்பாள், நல்ல சாப்பாடு சாப்பிட்டு வந்தவள் சொல்கிற அதே தொனியில்.

எல்லாருக்கும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தப்பா ஒருத்தர், இருபது வருஷம் என்னோடு குழாய் கட்டியவர், அவருக்குப் பாட்டு என்பது சத்தம், அவ்வளவுதான். காது நன்றாகக் கேட்கும், எந்தப் பாட்டு என்றும் சொல்லிவிடுவார், ஆனால் ஒரு மயிர் அசையாது. கல்நெஞ்சு என்று வீட்டில் கேலி செய்வோம், அப்படி இல்லை, தெரு நாய்க்குக் கட்டுப்போடுகிற மனுஷன். ஸ்பெயினில் பார்சிலோனாக்காரர்கள் 2014இல் இப்படிப்பட்டவர்களைத் தனியாக எடுத்துச் சோதித்திருக்கிறார்கள், பணம் ஜெயிப்பதில் எல்லாரையும் போலவே சந்தோஷப்படுகிறார்கள், இசையில் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. அந்தக் கட்டுரையைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார். கடலில் ஒரு வள்ளம் போகிறது. "இது நம்ம ஊர் எஞ்சின் இல்ல," என்றார், "ஒரு சிலிண்டர் சரியா அடிக்கல, கேட்டியா," என்று. முகத்தில் அப்படி ஒரு களை.

போன தை மாசம் அந்தப் பெரியம்மா கடைக்கு வந்தார். நான் கல்லாவில் எழுந்து நின்றுவிட்டேன், எட்டு ஒன்பது வருஷம் ஆகியும் அவரைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கத்தான் செய்கிறது. மெமரி கார்டு போடுகிற சின்ன ரேடியோப் பெட்டி ஒன்றைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். காசு கொடுத்துவிட்டு நின்றார்.

"அந்தப் பாட்டு இருக்குல்ல தம்பி. அத இதுல ஏத்திக்குடு."

"எதுக்குக்கா," என்றேன், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"போன் பேட்டரி போயிருச்சு. கடைக்காரன் சரி பண்ண முடியாதுங்கிறான்."

அத்தனை வருஷமும் அந்தப் போனை வைத்திருந்திருக்கிறார். நான் கார்டை எடுத்துச் செருகினேன். அது ஒன்று மட்டும் போதுமா என்று கேட்டேன்.

"வேணாம், வேற பாட்டும் நிறையப் போடு. நடுவுல எங்கயாச்சும் அத வையி. எப்ப வரும்னு எனக்குத் தெரியக் கூடாது."

அறுபது பாட்டு ஏற்றினேன். எத்தனையாவதாக வைத்திருக்கிறேன் என்று இங்கே எழுத மாட்டேன், அவருடைய சின்ன மகள் இதையெல்லாம் படிக்கிறாள்.